கார் ஸ்பீட் போர்ட்ட வாசிக்குமாம், வாசிச்சு என்ன செய்யுது?

போன மாசம் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து கதைச்சிட்டு இருந்தம். என்ட மச்சான் ஜப்பான்ல இருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒண்டு எடுக்கப் போறார், கதை முழுக்க அதப்பத்தித்தான். பக்கத்து மேசையில இருந்த ஒருத்தர் சொல்றார், இப்ப வாற காரெல்லாம் ரோட்டுல இரிக்கிற ஸ்பீட் போர்ட்ட தானே வாசிச்சு தானே குறைச்சு ஓடும், நீங்க கால எடுத்திட்டு இருந்தாக் காணும், பொலிஸ் மறிக்கிறதுக்கு வேலையே இல்ல எண்டு. இன்னொருத்தர் இல்ல இல்ல அது ஜிபிஎஸ்ஸால வாறது, போர்ட்டெல்லாம் பாக்கிறேல்ல எண்டார். மூண்டாவது ஆள், ரெண்டும் இல்ல, முன்னுக்குப் போற வாகனத்தப் பாத்துத்தான் அது கூட்டிக் குறைக்கும் எண்டு அடிச்சுச் சொல்லிட்டார்.

மூண்டு பேர் சொன்னதுலயும் உண்மை இரிக்கு. ஆனா மூண்டும் வேற வேற சாமான், வேற வேற காலத்துல வந்தது, ஒரு காருல மூண்டும் இரிக்கலாம், ஒண்டு மட்டும் இரிக்கலாம். இத ஒண்டாப் போட்டுக் குழப்பிக்கிட்டு லட்சக்கணக்குல காசு குடுத்து வாங்கி, பிறகு நம்பிக் கால எடுத்தா என்ன நடக்கும் எண்டு நினைக்கத்தான் எனக்குப் பயமா இரிக்கு, அதாலதான் இத எழுதுறன். கார் டெக்னிக் தெரியாத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி மெதுவாப் போவம்.

ஒரு மனுசன் கார் ஓட்டுறதுக்கு கால் வேணும், கண் வேணும், இந்த ரோட்டுல முந்தி போயிருந்தா ஞாபகமும் உதவும். காருக்குள்ளயும் அப்படித்தான் மூண்டு துண்டு. முதல்ல காலப் பாப்பம்.

கால்: குரூஸ் கொன்ட்ரோல்

வயல்ல தண்ணி மட்டத்த ஒரே அளவா வைச்சிரிக்க வேணும் எண்டா என்ன செய்வீங்க? வரம்புல நிண்டு பாப்பீங்க. கூடினா வக்கடைய வெட்டி விடுவீங்க, குறைஞ்சா மண்ணப் போட்டு அடைப்பீங்க, பிறகும் பாப்பீங்க. பாக்கிறது, திருத்திறது, திரும்பப் பாக்கிறது, அவ்வளவுதான் வேலை.

குரூஸ் கொன்ட்ரோல் எண்டது இந்த வேலைய காருட ஸ்பீட்டுக்குச் செய்யிற கருவி. நீங்க 60ல செட் பண்ணினா கார் ஒரு செக்கனுக்குள்ள பல தடவை தன்ட ஸ்பீட்டப் பாத்து, பாலம் ஏறக்குள்ள குறைஞ்சா என்ஜினுக்குக் கொஞ்சம் கூடக் குடுக்கும், இறங்கக்குள்ள கூடினா இளக்கும். இதக் கண்டுபிடிச்சவர் ரால்ஃப் டீட்டர் எண்ட அமெரிக்க என்ஜினியர், சின்ன வயசிலேயே பார்வை போன மனுசன், மற்றவங்க ஓட்டுற காருல இருந்து போகக்குள்ள ஸ்பீட் கூடிக் குறையிற ஆட்டத்த உடம்பால உணர்ந்தவர். 1950ல அவருக்கு பேட்டன்ட் கிடைச்சுது, 1958ல க்ரைஸ்லர் கம்பனி அதத் தன்ட காருகள்ல போட்டிச்சு. எழுபது வருசம் கிட்டப் பழசு, புதுசா வந்த மாயம் ஒண்டுமில்ல.

இந்தப் பழைய குரூஸுக்கு ரோட்டுல என்ன நடக்குது எண்டு ஒண்டும் தெரியா. முன்னுக்கு லொறி நிண்டாலும் 60 எண்டா 60தான்.

முன்னுக்குப் போற வாகனத்தப் பாக்கிற குரூஸ்

அந்தக் குறைக்குத்தான் அடப்டிவ் குரூஸ் வந்தது. இது செட் பண்ணின ஸ்பீட்டுலயே ஓடும், ஆனா முன்னுக்கு ஒரு வாகனம் மெதுவாப் போனா இடைவெளி விட்டு தானும் மெதுவாகும். மெர்சிடிஸ் 1999ல ராடர் வைச்சு இத விக்கத் தொடங்கினாங்க. ராடர் எண்டது ரேடியோ அலைய அனுப்பி, பட்டுத் திரும்பி வாறத வைச்சு தூரத்தையும் ஸ்பீட்டையும் கணக்குப் பாக்கிற கருவி. கிணத்துக்குள்ள கத்தினா சத்தம் திரும்பி வாறத வைச்சு ஆழத்த மட்டுக்கட்டுற மாதிரி.

இதுல நம்மட ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிரிக்க வேண்டிய ஒரு விசயம் இரிக்கு. ராடர் அலை ரோட்டோரத்து போஸ்ட்டுல பட்டும் திரும்பும், பாலத்துக் கம்பியில பட்டும் திரும்பும், பஸ் ஹோல்ட் கூரையில பட்டும் திரும்பும், எல்லாத்துக்கும் பிரேக் அடிச்சா அந்தக் கார் ஓடவே ஏலா. அதால ஓடாம நிக்கிற சாமான்கள, முக்கியமா கூடின ஸ்பீட்டுல, பல அடப்டிவ் குரூஸ் கணக்குல எடுக்காம விட்டிரும், இது நிறைய காருட கையேட்டுலயே எழுதிக் கிடக்கு. இப்ப ராத்திரி பத்து மணிக்கு வாகரைப் பக்கம் திருகோணமலை ரோட்ட நினைச்சுப் பாருங்க. நேரான நல்ல ரோட்டு, குரூஸ் போட ஆசை வரும். அங்கதான் பின் லைட் இல்லாத உழவு மெசின் பெட்டியோட ஓரமா நிக்கும், தார்ச் சூட்டுக்கு மாடு ரோட்டுலயே படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடக்கிற கறுப்பு எருமையக் கண்டு நிப்பாட்டும் எண்டு எந்த குரூஸையும் நம்பாதீங்க. அவசர பிரேக் எண்டது வேற ஒரு சிஸ்டம், அதுவும் பெரும்பாலும் வாகனம், ஆக்கள், சைக்கிள் இதுகளக் கண்டுபிடிக்கப் பழக்கினது, மாட்டுக்கு இல்ல.

இவ்வளவுதான் இதுவரைக்கும்: பழைய குரூஸ் தன்ட ஸ்பீட்ட மட்டும் பாக்கும், அடப்டிவ் குரூஸ் முன்னுக்குப் போற வாகனத்தையும் பாக்கும். ரெண்டுக்கும் ஸ்பீட் போர்ட் எண்டா என்ன எண்டே தெரியா.

கண்: போர்ட்ட எப்படி வாசிக்குது

முன் கண்ணாடியில, உள் மிரருக்குப் பின்னால, ஒரு சின்னக் கமரா இரிக்கும். அது எடுக்கிற படத்துல ஸ்பீட் போர்ட்டத் தேடிக் கண்டுபிடிச்சு நம்பர வாசிக்கிற வேலைக்குப் பேர்தான் ட்ராஃபிக் சைன் ரெகக்னிஷன். 2008 அளவுல பிஎம்டபிள்யூ, ஓப்பல் மாதிரி கம்பனிகள் காருல போட்டு விக்கத் தொடங்கினாங்க.

வேலை ரெண்டு படியா நடக்குது. முதல்ல தேடுறது. படம் முழுக்க மரம், கடை, பெனர், ஆக்கள், மோட்டர் சைக்கிள். அதுக்குள்ள வட்டமா, ஓரம் சிவப்பா, நடு வெள்ளையா ஏதும் இரிக்கா எண்டு பாக்கும். திருவிழாச் சனத்துக்குள்ள உங்கட பிள்ளையத் தேடக்குள்ள ஒவ்வொரு முகமாப் பாக்க மாட்டீங்க, பிள்ள போட்ட மஞ்சள் சட்டையத்தான் தேடுவீங்க, அந்த மாதிரி.

ரெண்டாவது, உள்ளுக்கு என்ன நம்பர் எண்டு வாசிக்கிறது. அரிவரிப் பிள்ளைக்கு 5 எண்டா என்ன எண்டு நாம விளக்கம் குடுக்கிறேல்ல, திரும்பத் திரும்பக் காட்டுறம், பெரிய 5, கோணல் 5, சோக்கால எழுதின 5, அழிஞ்ச 5, பிழையாச் சொன்னாத் திருத்துறம், ஒரு கட்டத்துல பிள்ள எந்த 5ஐயும் பிடிச்சிரும். கம்ப்யூட்டருக்கும் இப்படித்தான் பழக்குறாங்க. ஆயிரக்கணக்கான போர்ட் படத்தக் காட்டி, பிழை விடக்குள்ளெல்லாம் உள்ளுக்கு இரிக்கிற கணக்குகளக் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தி, சரியாச் சொல்ற அளவுக்குக் கொண்டு வாறது. இப்படிப் பழகிற கணக்குக் கூட்டத்துக்குப் பேர் நியூரல் நெட்வேர்க்.

இது கெட்டித்தனமான சாமான்தான், குறைச்சு மதிக்கக் கூடாது. ஜெர்மனியிட போர்ட் படங்கள வைச்சு 2011ல ஒரு போட்டி நடந்துது, 43 வகை போர்ட், 50,000க்கு மேல படம். மனுசர் 98.84 வீதம் சரியாச் சொன்னாங்க, முதலாவதா வந்த நியூரல் நெட்வேர்க் 99.46 வீதம் சரியாச் சொல்லிச்சு. அதாவது மனுசனத் தாண்டிட்டுது. ஆனா ஒண்டு, அந்தப் படமெல்லாம் போர்ட்ட மட்டும் வெட்டி எடுத்துக் குடுத்தது. ரோட்டுல முதல்ல போர்ட்டக் கண்டுபிடிக்க வேணும், அதுவும் ஓடிக்கொண்டு.

ஓடிக்கொண்டு எண்டா எவ்வளவு நேரம் கிடைக்கும்? 70ல போனா செக்கனுக்கு 19 மீற்றர். போர்ட்ட 40 மீற்றர் தூரத்துல வாசிக்கலாம் எண்டு வைச்சுக்குவம், ரெண்டு செக்கன்தான். ஆனா கமரா செக்கனுக்கு 30 படம் எடுத்தா அந்த ரெண்டு செக்கனுக்குள்ள 60 படம். ஒரு படத்துல 50 எண்டு பட்டதும் நம்பிறாது, அடுத்தடுத்த படங்கள்லயும் 50 எண்டு வந்தாத்தான் ஸ்க்ரீன்ல காட்டும். ஒரு சாட்சிய நம்பாம பல சாட்சிய விசாரிக்கிற மாதிரி.

பிழை எங்க வருது

2020ல மெக்காஃபி எண்ட கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பனியிட ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. அமெரிக்காவுல மைல் கணக்கு, 35 எண்டு போட்ட போர்ட்டுல அந்த 3ட நடுக் கோட்ட மட்டும் கறுப்பு டேப்பால கொஞ்சம் நீட்டினாங்க. மனுசன் பாத்தா 35தான். 2016ம் ஆண்டு மொடல் டெஸ்லா கார் அத 85 எண்டு வாசிச்சு ஸ்பீட்டக் கூட்ட வெளிக்கிட்டிச்சு. புதுக் கமராக்கள் அந்தப் பிழைய விடல்ல எண்டும் அவங்களே சொன்னாங்க, அதையும் சொல்லத்தான் வேணும்.

ஆனா நாளாந்தம் நடக்கிற பிழை இப்படி ஆரும் ஏமாத்தி வாறதில்ல. விடியக் காலையில கிழக்குப் பக்கமா ஓடினா சூரியன் நேர கமராவுக்குள்ள அடிக்கும். மாரி மழையில கண்ணாடி வழியும். போர்ட்டுட சிவப்பு உப்புக் காத்துல வெளுத்துப் போகும், கடலோரத்து இரும்பு எப்படி இரிக்கும் எண்டு நமக்குச் சொல்ல வேணுமா. போர்ட்டுக்கு மேல டியூஷன் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க. பக்கத்து ரோட்டுக்கு வைச்ச போர்ட்ட தனக்கு வைச்சது எண்டு எடுத்திரும். ஐரோப்பாவுல லொறிகளிட பின்பக்கத்துல அந்த லொறிக்கு உரிய உச்ச ஸ்பீட்ட வட்டம் போட்டு ஒட்டியிருப்பாங்க, பின்னால வாற கார் அதையும் போர்ட் எண்டு வாசிச்ச கதை இரிக்கு.

ஞாபகம்: மேப்

தேத்தண்ணிக் கடையில ஜிபிஎஸ் எண்டு சொன்னவர் சொன்னது இதத்தான். ஜிபிஎஸ் கார் எங்க நிக்குது எண்டு மட்டும்தான் சொல்லும், அந்த இடத்துல ஸ்பீட் எவ்வளவு எண்டது அதுக்குத் தெரியா. அது மேப்புக்குள்ள ஒவ்வொரு ரோட்டுத் துண்டுக்கும் ஆரோ எழுதி வைச்சிரிக்க வேணும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மாதிரி எல்லாருமாச் சேந்து எழுதுற மேப்புலயும் ஸ்பீட் லிமிட் எழுத இடம் இரிக்கு, எழுதினாத்தான் இரிக்கும், எழுதாட்டி வெறுமை.

நல்ல சிஸ்டம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். கமரா 80 எண்டு சொல்லுது, மேப் இது ஊருக்குள்ள 50 எண்டு சொல்லுது, அப்ப கமராவ சந்தேகப்படும். புதுசா ரோட்டு வேலை நடக்குது, தற்காலிகமா 30 போட்டிரிக்காங்க, மேப்புக்கு அது தெரியா, அப்ப கமராவ நம்பும். ஒண்டு கண்ணால கண்டது, மற்றது முந்தி கேட்டு வைச்சது.

ஜப்பான்ல இருந்து வாற ரீகண்டிஷன் காருல இருக்கிற நெவிகேஷன் ஜப்பான் மேப். அதுக்குள்ள ஒசாகா இரிக்கும், ஓட்டமாவடி இரிக்காது. அப்ப அந்தக் காருக்கு நம்மட மண்ணுல ஞாபகம் எண்ட துண்டே இல்ல, கண் மட்டும்தான் மிச்சம். அந்தக் கண்ணும் ஜப்பான் போர்ட்டுக்குப் பழக்கினது. ஜப்பான்லயும் வெள்ளை வட்டம் சிவப்பு ஓரம்தான், ஆனா நம்பர் நீலம், நம்மட போர்ட்டுல கறுப்பு. கிட்டத்தட்ட ஒண்டு எண்டதால நம்மட போர்ட்ட சில கார் வாசிக்குது, சில கார் பேசாம போகுது. விக்கிறவர் சொல்றத வைச்சு முடிவெடுக்காம போர்ட் நிக்கிற ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு எடுக்க வேணும்.

சரி, இப்ப கால், கண், ஞாபகம் மூண்டும் தெரியும். மூண்டையும் கட்டிறது எப்படி எண்டதுதான் மிச்சம்.

வாசிச்சாப் பிறகு என்ன செய்யுது

இங்கதான் காருக்குக் கார் வித்தியாசம். பஸ் கண்டக்டர நினைச்சுக்குங்க. ஒரு கண்டக்டர் போர்ட்டப் பாத்து 'அம்பது' எண்டு சொல்லிட்டு டிக்கட் கிழிக்கப் போயிருவார். இன்னொருத்தர் டிரைவர் கேக்கல்ல எண்டா மணிய அடிச்சுக்கொண்டே இருப்பார். மூண்டாவது ஆள், 'அண்ணே அம்பதுக்குக் குறைக்கவா?' எண்டு கேட்டு, தலையாட்டினாத்தான் செய்வார். நாலாவது ஆள் கேக்காமலே செஞ்சிருவார்.

நிறைய காருல இருக்கிறது முதலாவதும் ரெண்டாவதும்தான், ஸ்க்ரீன்ல நம்பரக் காட்டும், தாண்டினா சத்தம் போடும் அல்லது நம்பர் மின்னும். அதுக்கும் குரூஸுக்கும் ஒரு தொடுசலும் இல்ல. சில காருல அடப்டிவ் குரூஸ் ஓடக்குள்ள புது போர்ட் வந்தா, ஸ்டியரிங்ல ஒரு பட்டன அழுத்தினா அந்த ஸ்பீட்டுக்கு மாறும். தானே மாத்திற கார் இன்னும் மேல் படி. காரெல்லாம் தானே குறைக்கும் எண்டு சொல்றவங்க நாலாவத நினைச்சுச் சொல்றாங்க, கையில இருக்கிறது பெரும்பாலும் முதலாவது.

ஐரோப்பிய யூனியன்ல சட்டமே இரிக்கு. போர்ட்டையோ மேப்பையோ வைச்சு லிமிட்ட அறிஞ்சு டிரைவருக்கு உணர்த்திற சிஸ்டத்துக்கு அங்க இன்டெலிஜென்ட் ஸ்பீட் அசிஸ்டன்ஸ் எண்டு பேர், 2022 ஜூலையில இருந்து புதுசா வாற மொடல்களுக்கும் 2024 ஜூலையில இருந்து விக்கிற எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். ஆனா அந்தச் சட்டத்துலயும் கடைசி முடிவு டிரைவருக்குத்தான், அக்ஸிலேட்டர அழுத்தினா மீறி ஓடலாம், அந்த சிஸ்டத்த நிப்பாட்டியும் வைக்கலாம், அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணக்குள்ள திரும்ப வந்து நிக்கும்.

நம்மட ரோட்டுல

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வாறன். நம்மட நாட்டுல, இலங்கையில, காருக்கு ஊர்ப்பகுதிக்குள்ள 50, ஊருக்கு வெளிய 70, எக்ஸ்பிரஸ்வேயில 100. த்ரீவீலுக்கு 40. இது போர்ட் இருந்தாலும் சட்டம், இல்லாட்டியும் சட்டம். கமராவுக்கு இதுல போர்ட் போட்ட துண்டு மட்டும்தான் தெரியும். போர்ட் இல்லாத இடத்துல ஸ்க்ரீன் வெறுமையா இரிக்கும், அல்லது பழைய நம்பரையே காட்டிக்கொண்டிருக்கும், வெறுமை எண்டா லிமிட் இல்ல எண்டு அர்த்தம் இல்ல.

கல்லடிப் பாலத்தத் தாண்டி கல்முனை மட்டும் ஓடிப் பாருங்க. நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை. இதுல எங்க ஊர் முடிஞ்சு எங்க வெளி தொடங்குது? கொஞ்சத் தூரம் தென்னந்தோட்டம், பிறகு பள்ளிக்கூடம், பிறகு கோயில், பிறகு சந்தை. பிறந்து வளந்த எனக்கே அந்தக் கோட்டக் கீறிக் காட்ட ஏலா, கமராவால எப்படி ஏலும். காத்தான்குடியில நடு ரோட்டுல பேரீச்ச மரம் நிக்கிற இடத்துல அந்தி நேரம் ஓடியிருக்கிறீங்களா, மரத்துக்கு மறைவுல இருந்து பிள்ளையள் குறுக்க வரும், அங்க 50ஏ கூட. அறுவடைக் காலத்துல அம்பாறைப் பக்கம் பாதி ரோட்டுல நெல்லுக் காயும், அதுக்கு எந்த போர்ட்டும் இல்ல, கல்லு வைச்சிரிப்பாங்க அவ்வளவுதான்.

இன்னொண்டு, போர்ட்டுல 50 எண்டா 50ல ஓடு எண்டு சொல்லல்ல, 50ஐத் தாண்டாத எண்டுதான் சொல்லுது. ஆனா குரூஸ் போர்ட்டோட கட்டின உடனே அந்த நம்பர் பிடிக்க வேண்டிய நம்பரா மாறிருது, ரோட்டு வெறுமையா இருந்தா கார் 50ஐத் தேடி ஏறும். பள்ளிக்கூடம் விடுற நேரம் 20ல ஊர வேண்டிய இடத்துல அது 50தான் ஓடும், பிள்ளையள் வீட்ட போற நேரம் எண்டு அதுக்குத் தெரியா.

அப்ப இந்தச் சாமான் வேண்டாமா எண்டு கேட்டா, வேணும் எண்டுதான் சொல்லுவன். 70ல மோதிற சக்தி 50ல மோதிறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஸ்பீட் கூடக்குள்ள அடி வர்க்கக் கணக்குலதான் ஏறும். கதைச்சுக்கொண்டு ஓடக்குள்ள நமக்குத் தெரியாமலே 50 எழுபதாகிரும், அந்த நேரம் ஒரு சத்தம் வந்து கால இளக்க வைச்சா ஒரு உயிர் மிஞ்சும். அதுக்கு இது நல்ல துணை. நம்மட ஊருகளுக்குள்ளால போற இந்த ஏ4 ரோட்டுல எத்தின சாவீட்டுக்குப் போயிருப்பம் நாம எல்லாரும்.

மச்சான் கடைசியில காரெடுத்திட்டார். கமராவும் நம்மட போர்ட்ட வாசிக்குது, ஸ்க்ரீன்ல காட்டுறதோட சரி, குரூஸோட சேராது, அது தெரிஞ்சுதான் எடுத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் அக்கரைப்பற்று மட்டும் போய் வந்தம், போர்ட் வாற இடமெல்லாம் நான் சத்தமாச் சொல்ல அவர் ஸ்க்ரீனப் பாத்தார். ஏழெட்டு இடத்துல சரியா வந்துது. திரும்பி வரக்குள்ள எங்கட ஊர் வளைவுல மட்டும் வரல்ல, அங்க ஒரு 50 போர்ட் நிண்டது எனக்கு நல்லா ஞாபகம். இறங்கிப் பாத்தம். வேப்பங்கொப்பு முழுசா மூடிக் கிடந்துது, கம்பத்துட அடி மட்டும்தான் தெரியுது. அந்த வளவுக்காரம்மாவக் கூப்பிட்டு, 'அம்மா, இந்தக் கொப்பக் கொஞ்சம் வெட்டவா?' எண்டு கேட்டம். உள்ள போய் கத்திய எடுத்துக் குடுத்திட்டு வேலியடியில நிண்டு பாத்தா. கொப்பு விழுந்து சிவப்பு வட்டம் தெரிய வரக்குள்ள சொன்னா, 'இதுக்குள்ள ஒரு போர்ட் நிண்டதா மனே? நான் இஞ்ச குடிவந்து எட்டு வருசம்.'